கல்லா, செடியா, உயிரா? பவளப்பாறையைச் செப்பனிடும் கதை



சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை பேரனோடு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். அந்த மணலின் அருமை நம் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணை நீட்டிய பிறகு மணல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போய், கடைசியில் கருங்கல் குவியல் மட்டுமே மிஞ்சியது. 2018இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் பெரிய இரும்புக் கட்டுமானம் ஒன்றை இறக்கினார்கள். அது அலையின் வேகத்தைத் தணித்தது. மணல் திரும்பி வந்தது.

"தாத்தா, அதுக்குப் பேரு ரீஃப்னு சொல்றாங்களே, அப்போ அதுல பவளம் இருக்குமா?" என்று கேட்டான் பேரன்.

"இல்லப்பா, அது வெறும் இரும்பு. பவளப்பாறை செய்யற வேலையில ஒண்ணை மட்டும் அது செய்யுது. அலையை உடைக்குது."

"உடைஞ்சுபோன நிஜப் பவளப்பாறையை மனுஷங்க திரும்பக் கட்ட முடியுமா?"

நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தேடிப் படித்தேன். படித்ததைப் பேரனுக்காகவும் உங்களுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அறுபதுகளில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இயற்கை அறிவியல் வகுப்பில் எங்கள் முசியே ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லி, "மினெரால், வெஜெத்தால், அனிமால், எது?" என்று கேட்பார். உப்பு, மினெரால். வேப்பமரம், வெஜெத்தால். நண்டு, அனிமால். ஒருநாள் "கொராய்" என்றார், அதாவது பவளம். நகைக்கடையில் பார்த்த ஞாபகத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "மினெரால்" என்று கத்தினோம். அவர் சிரித்துக்கொண்டு, "உங்களைவிடப் பெரிய படிப்பாளிகளே இதில் தோற்றிருக்கிறார்கள்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தோற்ற கதையை நான் தெரிந்துகொண்டது ஐம்பது வருடம் கழித்துத்தான்.

பவளம் செடியா கல்லா என்பதில் ஐரோப்பாவில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு, உயிரோடிருக்கும் செம்பவளக் கிளையைக் கடல்நீரில் வைத்துப் பார்த்தார். எட்டு இதழ்களோடு வெள்ளைப் பூக்கள் விரிவதைக் கண்டார். பூ இருந்தால் செடிதானே என்று முடிவு கட்டினார்கள்.

மார்செய் நகரத்து மருத்துவர் பெய்ஸொனெல் அதை நம்பவில்லை. 1720களில் அவர் வட ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்ப் பவளத்தைக் கூர்ந்து கவனித்தார். அந்தப் 'பூ' தொட்டால் சுருங்கியது, தண்ணீர் அமைதியானதும் மறுபடி விரிந்தது. அது பூ அல்ல, கிளைக்குள் குடியிருக்கும் சிறு விலங்கு என்று பாரிஸ் அறிவியல் அகாதெமிக்கு எழுதினார். அகாதெமியில் பெரும்புள்ளியாக இருந்தவர் ரெயோமூர், வெப்பமானிக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர். அவர் இதை ஏற்கவில்லை. சபையில் இந்தக் கருத்தைப் பற்றிப் பேசியபோது எழுதியவரின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஊர் சிரிக்காமல் அந்த மனிதரைக் காப்பாற்றுவதாக நினைப்பு! 1740களில் வேறு ஆய்வாளர்கள் நன்னீரிலும் கடலிலும் இதே மாதிரி உயிர்களைக் கண்டு சொன்ன பிறகு, ரெயோமூர் தம் தவறை ஒப்புக்கொண்டார். அதற்குள் பெய்ஸொனெல் குவாதலூப் தீவுக்கு அரசு மருத்துவராகப் போய்விட்டிருந்தார்.

மோதிரத்தில் பதிக்கிற செம்பவளமும் கடலில் பாறை கட்டுகிற பவளமும் ஒரே இனம் அல்ல. பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறை கட்டுகிறவை பெரும்பாலும் மிகச் சிறிய உயிர்கள். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை போனதும் அந்த வீட்டின் மேலேயே அடுத்த தலைமுறை கட்டுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்ததுதான் பாறை.

இன்னொரு அதிசயமும் உண்டு. அந்த உயிரின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்த உணவில் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறம் தருவதும் அந்தப் பாசிதான். ஆக, எங்கள் முசியே கேட்ட மூன்றுமே பவளத்தில் உண்டு. கல்லும் உண்டு, செடியைப் போன்றதும் உண்டு, உயிரும் உண்டு.

கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். இந்தக் குடித்தனம் முறிந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப்போகும். வெளுத்த உடனே அது சாவதில்லை. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

நமக்குப் பக்கத்திலே இருக்கிற பெரிய பவளப்பாறைத் தொகுதி மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பாறைகள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மக்கள் பவளக்கல்லை முருகைக்கல் என்பார்கள். அதை வெட்டி வீட்டுச் சுவருக்கு வைத்தார்கள், காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், பின்னாளில் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினார்கள். வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்து எடுத்து வந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் நானும் அதில் ஒரு சிறு பங்காளி.

1978இல் குடும்பத்தோடு ராமேசுவரம் போனபோது கடையில் சங்கு, சோழியோடு வெள்ளை வெளேரென்று ஒரு பவளக் கிளையும் வைத்திருந்தார்கள். என் மனைவி ஆசைப்பட்டாள், பேரம் பேசி வாங்கினேன். பல வருடம் எங்கள் கண்ணாடி அலமாரியில் ஈஃபில் கோபுர பொம்மைக்குப் பக்கத்தில் அது நின்றது. வருகிறவர்களிடம் "கடல் கல்" என்று சொல்லுவேன். அது ஓர் உயிர்க்கூட்டத்தின் எலும்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வகுப்பில் "மினெரால்" என்று கத்திய பையன்தானே! வீடு மாறியபோது அது எங்கோ தொலைந்துபோயிற்று.

1986இல் அந்தத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்த்தார்கள். ஆனாலும் வெட்டுவது உடனே நின்றுவிடவில்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுமார் 110 சதுர கிலோமீட்டர் பாறையில் 32 சதுர கிலோமீட்டர் ஏற்கெனவே சிதைந்துவிட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

பாறை போனால் என்ன ஆகும் என்பதைச் சுனாமி காட்டியது. 2004 டிசம்பரில் இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெரலியா என்ற இடத்தில் 'சமுத்திர தேவி' ரயில் அடித்துச் செல்லப்பட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டது உங்களுக்கு நினைவிருக்கும். பின்னர் அங்கே போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பெரலியா பக்கம் பவளத்தை வெட்டி எடுத்திருந்தார்கள், தண்ணீர் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. சில கிலோமீட்டர் தெற்கே ஹிக்கடுவாவில் பாறை ஓரளவு பிழைத்திருந்தது, அங்கே தண்ணீர் ஐம்பது மீட்டர் அளவில் நின்றது. கரையின் அமைப்பு போன்ற வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் அந்த ஒப்பீடு மறக்கக்கூடியதல்ல.

சரி, சிதைந்ததைச் செப்பனிட மனிதன் என்ன செய்தான்?

முதலில் செய்தது பெரிய தவறு. 1972இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரைக்கு அப்பால், பழைய டயர்களைக் கட்டுக் கட்டாகக் கடலில் போட்டார்கள். மொத்தம் இருபது லட்சம் டயர்களுக்கு மேல். மீனுக்கும் பவளத்துக்கும் வீடு கிடைக்கும், குப்பையும் ஒழியும் என்று கணக்கு. கட்டுகள் அறுந்தன. புயலில் டயர்கள் உருண்டுபோய்ப் பக்கத்திலிருந்த உயிருள்ள பாறையை இடித்தன. பல ஆண்டுகள் கழித்து ராணுவத்து முக்குளிப்பவர்களைக் கொண்டு அவற்றை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. பவளத்துக்கு வேண்டியது ஆடாத அடித்தளம். உருளுகிற பொருளில் எந்த உயிர் வீடு கட்டும்?

அதே எழுபதுகளில் வோல்ஃப் ஹில்பெர்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வேறு வழியில் யோசித்தார். கடலுக்குள் இரும்புக் கம்பிச் சட்டத்தை வைத்து மிகக் குறைந்த மின்சாரத்தைச் செலுத்தினால், கடல்நீரிலுள்ள சுண்ணாம்பு அந்தக் கம்பியின் மேல் படிகிறது. பின்னர் தாமஸ் கோரோ என்ற பவள ஆய்வாளர் அவரோடு சேர்ந்தார். அந்தச் சட்டத்தில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்த்தார்கள். 'பயோராக்' என்று பெயர். பாலித் தீவில் இது புகழ்பெற்றது. 2020இல் நம் குஜராத்தில் கட்ச் வளைகுடாவின் மீத்தாப்பூரிலும் இந்திய விலங்கியல் ஆய்வகத்தார் செய்து பார்த்தார்கள்.

அடுத்தது தற்செயலாகக் கிடைத்தது. 2006 வாக்கில் ஃபுளோரிடாவில் டேவிட் வான் என்ற விஞ்ஞானி ஆய்வகத் தொட்டியில் இருந்த ஒரு பவளத்தை நகர்த்தும்போது அது உடைந்து சில சிறு துண்டுகள் அடியில் ஒட்டிக்கொண்டன. செத்துவிடும் என்று விட்டுவிட்டார். சில நாள் கழித்துப் பார்த்தால் அந்தத் துண்டுகள் வழக்கத்தைவிடப் பன்மடங்கு வேகமாக வளர்ந்திருந்தன. காயம் பட்ட தோல் சீக்கிரம் மூடிக்கொள்வது போலத்தான் இதுவும். ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிற கனத்த இனங்களைச் சிறு சிறு துண்டாக அறுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தால், அவை பரவி ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஒரே பவளமாகிவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவில் எண்பதுகளின் தொடக்கத்தில் இளம் ஆய்வாளர்கள் சிலர் ஓர் இரவுக்காட்சியைக் கண்டுபிடித்தார்கள். பௌர்ணமி கழிந்த சில நாளில், பல இனப் பவளங்கள் ஒரே சமயத்தில் முட்டையையும் விந்தையும் கடலில் விடுகின்றன. தண்ணீரின் மேல் அது இளஞ்சிவப்பு ஏடு போல மிதக்கும். அவர்களில் ஒருவரான பீட்டர் ஹாரிசன், பின்னாளில் அந்த ஏட்டைச் சேகரித்து, மிதக்கும் தொட்டிகளில் குஞ்சுகளைப் பாதுகாத்து வளர்த்து, வெறுமையான பாறைமேல் விடும் முறையை உருவாக்கினார். துண்டு நடுவது வாழைக்கன்று வைப்பது போல, எல்லாம் ஒரே தாயின் வார்ப்பு. இது விதை விதைப்பது போல. பிள்ளைகளுக்குள் வித்தியாசம் இருக்கும், சூட்டைத் தாங்குகிற பிள்ளையும் அதில் கிடைக்கலாம்.

இந்தோனேசியாவின் சுலவேசியில் வெடிவைத்து மீன் பிடித்ததால் பாறைகள் சல்லியாகக் கிடந்தன. அங்கே மணல் பூசிய ஆறுமுக இரும்புச் சட்டங்களை ஒன்றோடு ஒன்று பிணைத்து, பவளத் துண்டுகளைக் கட்டி வைத்தார்கள். நட்டு நான்கே ஆண்டில் அந்தப் பாறை சுண்ணாம்பு கட்டும் வேகம் பக்கத்திலுள்ள நல்ல பாறைக்கு இணையாகிவிட்டது என்று 2024இல் ஆய்வு வெளிவந்தது. ஆனால் நட்டவை பெரும்பாலும் வேகமாக வளரும் கிளைப் பவளங்கள். பழைய காட்டின் பலவகை மரமும் திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002இலேயே அங்கே செப்பனிடும் வேலையைத் தொடங்கினார்கள். ஆரோக்கியமான பவளத்திலிருந்து சிறு துண்டு எடுத்து, சிமெண்டுப் பலகையில் கட்டி, காங்கிரீட் சட்டத்தின் மேல் கடலடியில் வைத்து வளர்த்தார்கள். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு கரைந்து மறையும் நிலைக்கு வந்தபோது, துளைகள் உள்ள பெரிய காங்கிரீட் கட்டைகளை ஆயிரக்கணக்கில் அதைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். அவை அலையையும் தணித்தன, மீனுக்கும் பவளத்துக்கும் இடமும் கொடுத்தன. அரிப்புத் தணிந்து தீவில் மணல் சேர்ந்தது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு கணக்கு. 2005 வாக்கில் பவளம் வெட்டுவது ஒருவழியாக நின்றது. அப்போது அங்கே உயிருள்ள பவளத்தின் பரப்பு சுமார் 37 சதவீதம். 2009இல் சுமார் 43 ஆகிவிட்டது! நட்டது கொஞ்சம்தான். வெட்டுவதை நிறுத்தியதும் கடல் தானே வளர்த்துக்கொண்டது. பிறகு 2010இல் கடல் சூடேறியது, 33ஆகக் குறைந்தது. மறுபடி மெல்ல ஏறி 2015இல் 39ஐ நெருங்கியது. 2016இல் அதைவிடக் கடுமையான சூடு. 23க்கு இறங்கிவிட்டது.

இந்த எண்களைப் பார்த்தபோது என் அலுவலக நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. நான் கட்டடப் பராமரிப்புக் கோப்புகளைப் பார்த்துவந்த பிரிவில் எழுத்தராக இருந்தேன். மழைக்காலம் முடிந்ததும் "சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும்" என்று மதிப்பீடுகள் வரும். ஒரு முதிய மேற்பார்வையாளர் ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் ஒரே வரி எழுதுவார்: "முதலில் ஒழுகலை அடைக்கவும்." எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். வருடா வருடம் அதே சுவருக்குத்தான் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் புரிந்தது.

பவளத்திலும் அப்படித்தான். கடப்பாரை ஓர் ஒழுகல். அதைச் சட்டம் போட்டு, ஆள் போட்டு, அந்த மக்களுக்கு வேறு பிழைப்பு காட்டி அடைக்க முடிந்தது. கடல் சூடேறுவது அடுத்த ஒழுகல். அதை ராமேசுவரத்திலோ தூத்துக்குடியிலோ உட்கார்ந்து அடைக்க முடியாது. 2023 கோடையில் ஃபுளோரிடாவில் கடல் கொதித்தபோது, பல ஆண்டுகளாக நாற்றங்காலில் வளர்த்த பவளங்களை அவசர அவசரமாக எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றினார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. 2024 ஏப்ரலில், உலக அளவிலான நான்காவது பவள வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அமெரிக்கக் கடல்துறை அறிவித்தது. பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 டிகிரி கூடினால் உலகப் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதம் போய்விடும், 2 டிகிரி கூடினால் அனேகமாக எல்லாமே போய்விடும் என்பது 2018இல் ஐ.நா.வின் பருவநிலைக் குழு சொன்ன கணிப்பு.

அப்படியானால் துண்டு நடுவது வீண் வேலையா? இல்லை என்றே நினைக்கிறேன். வீட்டில் வெள்ளம் வரும்போது விதைநெல்லைப் பரணில் ஏற்றி வைப்பதில்லையா? தண்ணீர் வடிந்த பிறகு விதைக்க ஏதாவது இருக்க வேண்டும். சூட்டைத் தாங்கும் பவளங்களைத் தேடி வளர்ப்பதும், சிதைந்த தீவு கரையாமல் பார்த்துக்கொள்வதும் அந்த வேலைதான். அதைச் செய்கிறவர்களைக் கும்பிட வேண்டும். ஆனால் விதைநெல்லைப் பரணில் ஏற்றியதால் வெள்ளம் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது.

இவ்வளவும் எழுதி முடித்துப் பேரனைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: கல்லைத்தான் நாம் கட்ட முடியும். பவளத்தை அதுவேதான் கட்டிக்கொள்ள வேண்டும். நாம் அதற்கு ஆடாத ஓர் இடமும், தாங்கக்கூடிய ஒரு கடலும் கொடுக்கலாம். இடம் கொடுக்கப் படித்துக்கொண்டோம். கடலுக்கு இன்னும் வழி செய்யவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டி வாங்கின பவளம் இப்போ எங்க தாத்தா?" என்று கேட்டான். தொலைந்துபோனது என்றேன். எத்தனை வருடத்து வளர்ச்சியைப் பேரம் பேசி வாங்கினோம் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் முருகைக்கல் சுவர் வைத்த வீட்டில் வாழ்ந்தவர்கள், சுண்ணாம்புக் காளவாய் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.